கோமதி அக்கா இருக்க விரும்பினார்

செவ்வாய்க்கிழமை காலை, தென்காசியில் என் ஃபிசியோதெரபி நிலையத்தில் ஒரு பெரியவரின் தோளை உயர்த்திப் பிடித்திருந்தேன். இறுகிப்போன தோள். அப்போது மேசைமேல் இருந்த போன் அடித்தது. திரையில் கோமதி அக்காவின் கணவர் பரமசிவம் அண்ணாச்சியின் பெயர். அந்த நேரத்தில் அவர் என்னை அழைக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். எடுக்காமல் நின்றேன். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. பெரியவர்தான் சொன்னார், "எடும்மா, யாரோ அவசரமா கூப்பிடுதாங்க."

அவர் கையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு எடுத்தேன்.

"மூச்சு நின்னுட்டும்மா" என்றார் அண்ணாச்சி. "பால் வாங்கப் போனேன். வந்து பாத்தா மிஷின் மட்டும் ஓடிக்கிட்டு இருக்கு."

மேலகரத்தில் கல்யாண மண்டபத்து மாடியில் கோமதி அக்காவிடம் யோகம் பயின்ற நீங்கள் எல்லோரும் அன்று வந்திருந்தீர்கள். தெருமுனையில் வைத்திருந்த ஃபிளெக்ஸில் 'யோக நிலையில் இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதியிருந்தது. வாசலில் போட்ட நாற்காலிகளில் யாரோ பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "அவங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. மூச்ச உள்ளயே நிறுத்திட்டாங்க. நம்மள மாதிரி சாவா அது?" பக்கத்திலிருந்தவர் கைகூப்பினார். அவர்களுடைய மரியாதை உண்மையானது. துக்க வீட்டில் வைத்து அதை நான் எப்படி மறுப்பது? உள்ளே போய்விட்டேன். இப்போது அவரைப் பற்றி எழுதித் தரும்படி நீங்களே கேட்டதால் எழுதுகிறேன். அவர் மூச்சை நிறுத்தவில்லை. அது அவரை விட்டுப் போனது. அவருக்கு அதில் சம்மதம் இல்லை.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. வீரகேரளம்புதூரிலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு முதுகெலும்புத் தட்டு பிதுங்கியிருந்தது. பல வாரச் சிகிச்சையில் ஓரளவு நிமிர்ந்து நடக்கத் தொடங்கியவள், ஒருநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மேலகரத்தில் யோகா வகுப்பில் சேர்ந்து, குனிந்து கால் விரலைத் தொட்டிருக்கிறாள். அன்று சாயங்காலமே நான் மண்டபத்து மாடியேறினேன். போன நேரம் வகுப்பு முடிகிற நேரம். எல்லோரும் கண்மூடிச் சவாசனத்தில் கிடந்தார்கள். சண்டைக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அத்தனை பேர் படுத்துக்கிடக்கும் இடத்தில் சத்தமில்லாமல் நிற்க வேண்டியதாயிற்று.

பிறகு நான் பேசியதை அக்கா குறுக்கிடாமல் கேட்டார். "ஆமா மேடம். அந்தப் பொண்ணு குனியும்போது இடுப்புல கை வச்சத நான் பாத்தேன். பழகினா சரியாயிரும்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்" என்றார். அதற்கு மேல் சண்டை போட என்னிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் என் நிலையத்துக்கு வந்து, மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கையில் எடுத்து, "எந்த எடத்துல பிதுங்குது, காட்டுங்க" என்றார். அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெரிய குரலுக்கு அதுதான் காரணம். "மைதானத்துல கத்திக் கத்தி தொண்ட இப்படி ஆயிட்டு. தியானத்துக்கு உக்காருங்கன்னு சொன்னாக்கூட அதட்டுத மாதிரிதான் இருக்கும்" என்று சிரித்தார். சில வாரங்களில் நானும் அவருடைய வகுப்பின் கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கினேன். மேடம் என்றது ஜெமீலா ஆயிற்று. அப்புறம் எங்கள் பக்கத்து உரிமையில் ஏட்டி ஆயிற்று.

புதிதாகச் சேர்கிறவர்கள் பெரும்பாலும் வளைவதற்கும் நிமிர்வதற்கும்தான் வருவார்கள். அவர்களை உட்கார வைத்து அக்கா முதலில் எட்டுப் படிகளைச் சொல்வார். இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. "ஆசனம் மூணாவது படி. நீங்க எல்லாரும் மொத ரெண்டையும் தாண்டிக் குதிச்சு வந்து நிக்கீங்க" என்பார். முதல் படியான இயமத்தில் அடுத்த உயிரை நோகடிக்காமல் இருப்பதும் உண்மை சொல்வதும் அடங்கும். அதற்கே ஒரு ஆயுள் போதாது என்பது அவர் கருத்து. குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் சீசனில் காலை வகுப்பு எடுக்க அவரை அழைத்திருந்தார்கள். முதல் நாள் போனபோது வாசலில் அவர் படத்தைப் போட்டு, சர்க்கரை, ஆஸ்துமா, மூட்டுவலி எல்லாம் யோகத்தால் குணமாகும் என்று பலகை வைத்திருந்தார்கள். இறக்கச் சொன்னார். விளம்பரம்தானே டீச்சர் என்றார் மேனேஜர். "அதுல என் மூஞ்சி இருக்கே" என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டார். இதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அந்த ஆட்டோவை ஓட்டியவர் என்னிடம் கால்வலிக்கு வந்தபோது சொன்னது.

சாரல் காலத்தில் மேலகரம் சாலையில் வண்டிகள் ஓயாது. குற்றாலத்தில் குளித்து முடித்த கூட்டம் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு திரும்பும். அந்த நேரத்தில் மாடியில் கண்ணை மூடுவது பெரும்பாடு. ஜன்னலைச் சாத்தலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "பிரத்தியாகாரம்னா காதப் பொத்துததுன்னு நெனச்சியா? சத்தம் பாட்டுக்கு வரட்டும். நீ எந்திரிச்சுப் போய் வாசல்ல நிக்காத, அவ்வளவுதான்" என்றார். புலன்கள் வெளியே ஓடாமல் திரும்பி வருவதைப் பற்றிப் பெரியவர்கள் எத்தனையோ விளக்கம் சொல்லியிருக்கலாம். எனக்குப் புரிந்தது இதுதான்.

அவருடைய கையில் இருந்த பள்ளத்தை நான் முதலில் பார்த்தது ஒரு வகுப்பில்தான். இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் அழுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழிந்திருந்தது. வகுப்பு முடிந்ததும் நாக்கை நீட்டச் சொன்னேன். என்ன விளையாட்டு என்பதுபோல் பார்த்துவிட்டு நீட்டினார். நாக்கின் ஓரத்தில் சதை தன்போக்கில் துடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகப் படியேறும்போது வலது கால் தட்டுகிறது என்று அவராகவே சொன்னார். என் தொழிலில் இந்த மூன்றையும் ஒருவரிடமே பார்ப்பதற்குப் பயப்படுவோம். "மதுரைக்குப் போய் ஒரு தடவ காட்டிருவோம்க்கா" என்றேன். என் குரலில் இருந்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மதுரையில் நரம்பு வைத்தியர் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டு, தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் என்றார். தடுக்க வழியில்லை. அறிவும் நினைவும் கடைசிவரை அப்படியே இருக்கும் என்று ஆறுதல்போலச் சொன்னார். திரும்பும் வழியில் வாசுதேவநல்லூரில் டீக்கு வண்டியை நிறுத்தினோம். அண்ணாச்சி இறங்கிப் போய்க் கடையின் மறுபக்கம் நின்றுகொண்டார். அங்கே நின்று அழுகிறார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"கடைசியா எது போவும் ஜெமீலா?"

"மூச்சுக்கா."

கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "அப்போ மொதல்ல ஆசனம் போவும், பெறகு பிராணாயாமம். அதுக்கு மேல நாலு படி இருக்குல்லா. அதுக்குக் கை கால் வேண்டாமே" என்றார். நான் தலையாட்டினேன். அந்த நாலு படிகளை அன்று நானும் நம்பினேன்.

நோய் ஊருக்குத் தெரிந்ததும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மூச்சுப் பயிற்சியை ஏடாகூடமாகச் செய்ததால் வந்தது என்றார்கள். யோகா டீச்சருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எதற்கு என்று சிலர் வகுப்பை விட்டார்கள். எண்ணெய்களும் லேகியங்களும் வீட்டுக்கு வந்தன. அக்கா யார் மனத்தையும் நோகடிக்காமல் வாங்கி வைத்துக்கொள்வார். என்னிடம் மட்டும், "எதனால வருதுன்னு டாக்டருக்கே தெரியல. தெரியலைன்னு சொல்லுத ஆளு ஒருத்தராவது இருக்காருல்லா, அதுவே போதும்" என்றார்.

என்னால் செய்ய முடிந்தவற்றைச் செய்தேன். மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் கைகால்களை மடக்கி நீட்டினேன். வாக்கர் பழக்கினேன், பிறகு அதை மூலையில் வைத்துவிட்டுச் சக்கர நாற்காலி பழக்கினேன். ஒவ்வொரு முறையும் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைவிடக் குறைவான ஒன்றைத்தான் அவரிடம் கொடுத்தேன். ஃபிசியோதெரபி என்றால் இழந்ததைத் திருப்பித் தருவது என்றுதான் என் நோயாளிகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டுப் படியேறும்போது அந்த வார்த்தை நினைவுக்கு வராமல் பார்த்துக்கொள்வேன். நோன்பு மாதத்தில், நான் களைத்துப்போவேன் என்று, "காலையில முடிச்சுட்டுப் போயிரு, வெயிலுக்கு முன்ன வீடு சேரு" என்று என் நேரத்தை அவர்தான் மாற்றினார்.

பின்னர் மூச்சு குறையத் தொடங்கியது. அவருடைய நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. அதை விரிக்கும் தசைகள்தான் கைவிட்டன. வகுப்பில் அவர் சொல்லும் ஒரு வாக்கியம் உங்களுக்கும் நினைவிருக்கும். "வெளிய விட்ட மூச்சத் தேடிப் போவாதீங்க. அது தானா திரும்பி வரும்." இப்போது அது தானாகத் திரும்பவில்லை. மூக்கில் மாஸ்க் கட்டி, இயந்திரம் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. இயந்திரத்துக்கென்று ஒரு தாளம் உண்டு. இவர் வெளியே விட நினைக்கும்போது அது உள்ளே ஊதும். வாழ்நாளெல்லாம் மூச்சை நீட்டவும் நிறுத்தவும் பழகிய உடம்பு அதனோடு முட்டிக்கொண்டு திணறியது. அதற்கு விட்டுக்கொடுக்க நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். மூச்சைப் பற்றி நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் மதியம் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தபோது மாஸ்க்கை விலக்கச் சொன்னார். பேச்சு குழறத் தொடங்கியிருந்த காலம். பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"வரல ஏட்டி."

"என்னதுக்கா?"

"அந்த நாலு படி. கண்ண மூடினா மூச்சு மட்டுந்தான் இருக்கு. அடுத்தது வருமா, வராதான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். வேற எதுலயும் மனசு நிக்க மாட்டேங்கு. பயமா இருக்கு."

சரியாகிவிடும் என்று எல்லோரிடமும் சொல்கிற வாய் என்னுடையது. அவரிடம் அதைச் சொல்ல முடியாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையால் என்னைத் திருப்பிப் பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகுதான், நீங்களே தொடர்ந்து நடத்திய வகுப்பு முடியும் நேரத்தில் ஒருநாள் அவரை மாடிக்குத் தூக்கி வந்தீர்கள். நீங்கள்தான் நாற்காலியோடு சுமந்தீர்கள், நினைவிருக்கும். சாமந்தி மாலை ஒன்றை வாங்கி வைத்திருந்தீர்கள். அதை அவருக்குப் போட்டுவிட்டு ஒருவர், "டீச்சர் இப்பவும் தியானத்துலதான் இருக்காங்க. முகத்தப் பாத்தாலே தெரியுதுல்லா" என்றார். முகத் தசைகள் தளர்ந்தால் முகம் அப்படித்தான் இருக்கும். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் குழறிச் சொன்னதை வாக்கியம் வாக்கியமாக நான் உங்களுக்குச் சொன்னேன். "எனக்குத் தியானம் வரல. பயமா இருக்கு. வருதுன்னு சொன்னா அது பொய்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஏறிட்டேன் ஏறிட்டேன்னு நெனச்சேன். மொதப் படியிலதான் நிக்கேன்."

உங்களில் சிலர் அழுதீர்கள். அவருடைய அடக்கத்தால் அப்படிச் சொல்கிறார் என்று பின்னால் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நான் அருகில் நின்றவள். அது அடக்கம் இல்லை. அவர் உங்களுக்குத் தகவல் சொன்னார்.

குரல் முழுவதும் போன பிறகு, அண்ணாச்சி பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுத்துகளைப் பெரிதாக எழுதினார். மேல் வரிசையில் உயிரெழுத்துகள், கீழே மெய்யெழுத்துகள். விரலை ஓட்டிக்கொண்டே போனால் வேண்டிய எழுத்து வரும்போது அக்கா இமையை மூடுவார். ஒவ்வொரு எழுத்துக்கும் மெய்யையும் உயிரையும் தனித்தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்குள் தாகம் போய்விடும்.

மாஸ்க் இனி போதாது, தொண்டையில் துளையிட்டு இயந்திரத்தை நிரந்தரமாக இணைக்கலாம், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம், முடிவு உங்களுடையது என்றார் மதுரை வைத்தியர். சொந்தக்காரர்கள் வந்து பேசினார்கள். யோகம் படித்தவரை ஏன் குத்திக் கிழிக்க வேண்டும், நிம்மதியாகப் போகட்டும் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் அன்பு இருந்தது. அண்ணாச்சி என்னிடம் வந்தார். "எனக்கு ஒண்ணும் ஓடலம்மா. நான் கேட்டா அவ எனக்காகச் சொல்லுவா. நீ கேளு."

அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்றேன். விரலை ஓட்டினேன். முதல் எழுத்து இ. அடுத்து ர், அதோடு உ. எனக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை, முடிக்க விட்டேன். இருக்கணும்.

முன்பு ஒரு வகுப்பில் மனத்தைப் பிடித்திருக்கும் ஐந்து தளைகளைப் பற்றிச் சொல்லும்போது, உயிர்மேல் உள்ள பற்றைக் கடைசியாகச் சொன்னார். "இது மட்டும் படிச்சவனையும் விடாது. விட்டுட்டேன்னு சொல்லுதவன நம்பாதீங்க" என்றார். அன்று எல்லோரும் சிரித்தோம். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. அசையாமல் கிடந்து, எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குக் காலை வெளிச்சம் வேண்டியிருந்தது, அண்ணாச்சி வேண்டியிருந்தது, தெருச் சத்தம் வேண்டியிருந்தது. வியாழக்கிழமை மதுரைக்குப் போவது என்று முடிவாயிற்று. ஆம்புலன்ஸும் பேசியாயிற்று.

செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன். இன்னும் கொஞ்சம் முன்னால் புறப்பட்டிருந்தால் என்று நானும் அண்ணாச்சியும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அதற்கு முடிவே இருக்காது. அந்த ஃபிளெக்ஸை எழுதியவர்கள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அக்கா விரும்பியது சமாதி இல்லை, ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அட்டையில் விரலை ஓட்டினேன். அருவி என்று வந்தது. மாஸ்க் இல்லாமல் சில நிமிடம்கூடத் தாங்காத நிலை. அண்ணாச்சி ஒரு கேனை எடுத்துக்கொண்டு பைக்கில் குற்றாலத்துக்குப் போனார். கூட்டத்துக்குள் புகுந்து, உடுத்திய வேட்டியோடு நனைந்து, அருவித் தண்ணீரைப் பிடித்து வந்தார். அக்காவைக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, கீழே பக்கெட்டை வைத்து, அவருடைய தலையை என் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டேன். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அண்ணாச்சி கேனைச் சாய்த்தார். தண்ணீர் நெற்றியிலிருந்து பின்னோக்கி, நரைத்த முடி வழியாக, என் விரல்களுக்கு இடையே இறங்கியது. சட்டென்று துவட்டி மாஸ்க்கைக் கட்டினோம். எப்படி இருக்கு என்று அண்ணாச்சி கேட்டார். அட்டையைக் காட்டினேன். வெகுநேரம் எடுத்து ஒரு வார்த்தை சொன்னார். குழாய்த்தண்ணி. அவருடைய கண்கள் சிரித்தன. அண்ணாச்சியும் சிரித்தார், சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டில் சட்டத்தில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். நான் யாருக்கும் எதுவும் செய்ய முடியாமல் அந்த ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய பாயையும் புத்தகங்களையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவற்றைப் பயன்படுத்தத் தெரியாது. எட்டுப் படிகளில் எதிலும் நான் ஏறியவள் இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தத் தலையின் கனம். கழுத்து தாங்காத தலை எவ்வளவு கனக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். அது அந்தக் கனம் இல்லை. என் உள்ளங்கைகளில் அது இறங்கிய இடம் எனக்குத் தெரியும்.

நேற்று கழுத்துவலியோடு வந்த ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே கை கொடுத்தேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"சும்மா தலையப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்களே மேடம்."

"ஆமா" என்றேன்.